ஒரே எண்ணுக்கு இரண்டு விளக்கு

எல்.இ.டி. விளக்கு என்றால் கெட்டே போகாது என்று யாரோ ஊரெல்லாம் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த ஆள் கையில் கிடைத்தால் எங்கள் கிடங்கில் ஒரு வாரம் உட்கார வைப்பேன். மேடையில் விடும் புகை இருக்கிறதே, அது வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்கில் தூசு ஒட்டி, விளக்குக்குள் இருக்கும் குட்டி விசிறியைப் பிடித்துக்கொள்ளும். விசிறி நின்றால் சூடு ஏறும். சூடு ஏறினால் விளக்கு மங்கும், அப்புறம் அணையும், அப்புறம் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். விளக்கு எரிகிறவரை என்னை ஒருவரும் பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

அன்றைக்கு எங்கள் ஆட்டம் பாட்டம் வித்தைக் குழுவின் மதியக் காட்சி. இடைவேளை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இடது கோபுரத்தில் ஒரு விளக்கு மண்டையைப் போட்டது. கோபுரம் என்று நாங்கள் சொல்வது மேடையின் ஓரத்தில், திரை மறைவில், ஏணிபோல் படி வைத்து நிற்கும் இரும்புச் சட்டத்தை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டிலும் தலையாட்டும் விளக்குகளை, அதாவது சொன்ன பக்கம் தானே திரும்பிக் குனிந்து நிமிரும் விளக்குகளை, மேலிருந்து கீழ்வரை மாட்டியிருப்போம்.

இடைவேளையில் ஏறிக் கெட்டதைக் கழற்றி, பெட்டியில் இருந்த மாற்று விளக்கை மாட்டினேன். கொக்கி இறுக்கம், காப்புக் கம்பி பூட்டியாயிற்று, விசிறி சுற்றுகிறது, கண்ணாடி சுத்தம். ஹெட்செட்டில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பார்வையாளர்களுக்குப் பின்னால், விளக்கு மேசையில் உட்கார்ந்து எல்லா விளக்கின் வெளிச்சத்தையும் ஏற்றி இறக்குவது அவர் வேலை. பழுது பார்ப்பது என் வேலை. வீட்டிலும் அப்படித்தான்.

"எல்லாத்தையும் ஒரு தடவ ஏத்துங்க."

எல்லாம் எரிந்தன. புதிதாக மாட்டியதும் எரிந்தது.

"ஜம்முனு இருக்கு. இறங்கு, மணி அடிக்கப் போறாங்க," என்றார்.

இறங்கினேன். எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனத்தைச் செய்துவிட்டுத்தான் இறங்குகிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

இரண்டாம் பாதியின் கடைசியில் என் நாத்தனாரின் உருப்படி. அவளுக்கு வவ்வால் என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். சின்னப் பிள்ளையிலிருந்தே ஜன்னல் கம்பி, கதவு நிலை என்று எதைக் கண்டாலும் தலைகீழாகத் தொங்குவாளாம். அம்மா அப்பா இல்லாமல் போன பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் இவர்தான். கல்யாணப் பேச்சின்போது "வவ்வாலும் நம்மோடதான் இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டார். நான் நிஜ வவ்வால் என்றே நினைத்துத் தலையாட்டினேன். நிஜ வவ்வாலாக இருந்திருந்தால் காலையில் குளியலறையை அவ்வளவு நேரம் அடைத்துக்கொண்டிருக்காது.

மேடைக்கு மேலே இரண்டு கட்டைகள் கயிற்றில் தொங்கும். வலது பக்கம் உயரத்தில் ஒரு சின்னப் பலகை. அதிலிருந்து முதல் கட்டையைப் பிடித்து ஊஞ்சலாடி வந்து, கையை விட்டு, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, எதிரே இருக்கும் கட்டையைப் பிடிக்க வேண்டும். கீழே மெத்தை உண்டு. ஆனால் அது நடுவில்தான். இரண்டாவது கட்டைக்குக் கீழே வெறும் பலகைத் தரை. கூட்டத்துக்கு முன்னால் அவள் இதைச் செய்வது அன்றைக்குத்தான் முதல் தடவை. "இன்னிக்கு ஒழுங்கா வரலன்னா அந்த ஐட்டமே வேணாம், கும்பலோட சேந்து ஆடட்டும்" என்று முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். உள்ளங்கை பிய்ந்து, மருந்து போட்டு, மறுபடி பிய்ந்து பழகியவள். கும்பலோடு ஆடு என்றால் அவள் செத்தாள் என்றே அர்த்தம்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு பேச்சு உண்டு. எதிர்க் கட்டை மீது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, வலது கோபுரத்திலிருந்து, ஒரே ஒரு விளக்கு வெள்ளையாக விழும். கட்டை வெள்ளையாகத் தெரிந்தால் கையை விடலாம். தெரியாவிட்டால் விடக் கூடாது. ஆடி முடித்துப் பலகைக்கே திரும்பிவிட வேண்டும். மேலே இருப்பவளோடு வேறு எந்த வகையிலும் பேச முடியாது.

அதற்கு முந்தைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வவ்வால் ஏற்கெனவே ஏறி, பலகையில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் இடது ஓரத்தில், திரைக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். வலது கோபுரத்தில் கட்டைக்கான விளக்கு மெதுவாகக் குனிந்தது. இடது கோபுரத்தில் நான் மாட்டிய விளக்கும் குனிந்தது. அது நிமிர்ந்தது, இதுவும் நிமிர்ந்தது. ஒருத்தர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவரும் விடுவாரே, அந்த மாதிரி. என் விளக்குக்கு அந்தப் பாட்டில் வேலையே கிடையாது.

ஹெட்செட் மைக்கை வாய்க்கு இழுத்தேன்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு எண் உண்டு. மேசையிலிருந்து எல்லா ஆணையும் எல்லா விளக்குக்கும் போகும்; தன் எண்ணைக் கேட்ட விளக்கு மட்டும் கீழ்ப்படியும். விளக்கை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். பெட்டியில் இருந்த விளக்கு போன வாரம் வலது கோபுரத்தில் நின்றது, கட்டைக்கு அடிக்கும் அந்த விளக்குக்குப் பதிலாக. அந்த எண் இன்னும் அதன் வயிற்றுக்குள் இருந்தது. எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றிப் பார்த்தால் தப்பான எண்ணில் இருப்பதும் ஜம்முனுதான் எரியும். தனியாக ஏற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னங்க."

"ம்."

"நான் மாட்டினது கட்டைக்கு அடிக்கிற விளக்கோட எண்ணுல ஓடுது. அது திரும்பினா இதுவும் திரும்பும்."

அவர் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. வலது கோபுரத்து விளக்கு அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கட்டையில் விழும். அதே திருப்பத்தை எதிர்ப் பக்கத்திலிருந்து செய்தால், கையை விடுகிற நொடியில் நேராக அவள் கண்ணில் விழும். முழு வெள்ளை. கட்டை எங்கே, தரை எங்கே என்று ஒன்றும் தெரியாது.

"அணைச்சிடறேன்," என்றார்.

"ஒண்ண மட்டும் அணைக்க முடியாது. ரெண்டும் போயிடும்."

"போகட்டும். கட்டை தெரியலன்னா அவ விடமாட்டா. விடலன்னா விழ மாட்டா."

"வேற எதையாவது கட்டை மேல திருப்ப முடியாதா?"

"எதுவும் எட்டாது. உனக்குத் தெரியாததா?"

ஹெட்செட்டில் மேடை மேனேஜர் குறுக்கே வந்தார். காட்சியை நடத்தவும் நிறுத்தவும் அதிகாரம் உள்ள அம்மா அவர். எதற்கும் குரல் உயராது. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? நான் என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்க."

"தப்பு என்னோடது," என்றேன். "நான் மேல ஏறறேன். விளக்கப் பிடிச்சிட்டேன்னு சொன்னா போடுங்க. சொல்லலன்னா அணைச்சிடுங்க."

"பிடிக்கிறதா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் ஏறத் தொடங்கினேன்.

மின் இணைப்பைப் பிடுங்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கே ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் போகிறது. இதைப் பிடுங்கினால் இதற்குக் கீழே உள்ளவையும் அணையும். அவை அவள் ஊஞ்சலாடும்போது மேடையின் விளிம்பைக் காட்டுகிறவை. எண்ணை மாற்றும் பொத்தான்கள் விளக்கின் அடியில் இருக்கின்றன. அவசரத்தில் நான் மாட்டியபோது அந்தப் பக்கம் மேடையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கையை வளைத்துத் துழாவினேன். பொத்தான் விரலுக்குக் கிடைத்தது. எண்ணைக் காட்டும் குட்டித் திரை கண்ணுக்குக் கிடைக்கவில்லை. பார்க்காமல் அமுக்கினால் இருக்கிற எண் போய் இன்னும் மோசமான எண் வரும். கையை எடுத்துவிட்டேன்.

பாட்டு முடிந்தது. கைதட்டல். பிறகு அவளுடைய இசை, தாழ்ந்த மேளத்தோடு ஆரம்பித்தது.

மின்சாரம் ஓடும்போது தலையாட்டும் விளக்கைக் கையால் பிடிக்கவே கூடாது. உள்ளே பல் வைத்த வார் ஒன்று இருக்கிறது. பிடித்தால் பல் நழுவும். நழுவினால் அதற்குத் திசையே மறந்துபோகும். இதைச் செய்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். ஒரு காலைப் படியில் செருகி, முதுகைச் சட்டத்தில் சாய்த்து, அந்தத் தலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன்.

"பிடிச்சாச்சு. போடுங்க."

"உன் கைய விட்டு நழுவிச்சுன்னா?"

"நழுவாது."

"சத்தியமா?"

எனக்கு அழுகை வந்தது. நழுவுமா நழுவாதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இதற்கு முன்னால் நான் பிடித்துப் பார்த்திருக்கிறேனா? வேண்டாம் அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அப்போது வவ்வால் பலகையில் எழுந்து நின்று, பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசிய வெள்ளைப் பொடியை ஊதினாள். காலையில் குளியலறையிலிருந்து வரும்போது போடும் அதே அலட்டல். இவளைக் கும்பலோடு ஆடவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு போடுவேன்?

"சத்தியமா," என்றேன்.

அவள் கட்டையைப் பிடித்து இறங்கினாள். ஒரு ஆட்டம் என் பக்கம் வந்து போனாள். கயிறு முனகியது. இரண்டாவது ஆட்டம் இன்னும் உயரம். விளக்கு என் கைக்குள் திரும்பத் தொடங்கியது. இவ்வளவு பலம் அதற்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கடைக்குள் இழுத்துக்கொண்டு ஓடும் பிள்ளையைப் பிடிப்பதுபோல் இழுத்தேன். உள்ளே கடகடவென்று வார் பல் நழுவியது. தலை என் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து முழு வெள்ளை என் முகத்தில் வெடித்தது.

கண்ணை மூடினேன், மூடியும் வெள்ளை போகவில்லை. விளக்கின் தலையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டேன். சட்டை வழியாகச் சூடு ஏறியது. வெளிச்சம் வெளியே கசியாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. மேளம் நின்றது. கயிறு காலியாக ஆடும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் கையை விட்டுவிட்டாள். அரங்கமே மூச்சை உள்ளே இழுத்தது. பிடித்தாலும் அப்படித்தான் இழுப்பார்கள், விழுந்தாலும் அப்படித்தான் இழுப்பார்கள்.

"பிடிச்சாளா?" என்றேன்.

மறுபடியும் கேட்டேன்.

"என்னங்க, பிடிச்சாளா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"கண்ண மூடிக்கிட்டேன்மா."

அந்த மனுஷன் அப்போது கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அதற்குள் கைதட்டல் வந்தது. ஓரத்தில் ஆரம்பித்து அரங்கம் முழுக்கப் பரவி, கோபுரத்தின் இரும்பே அதிர்ந்தது. மேனேஜர் அம்மாவின் குரல் காதில் விழுந்தது. "பிடிச்சிட்டா. ரெண்டு பேரும் மூச்சு விடுங்க."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. படியைக் காலால் தடவித் தடவித்தான் இறங்கியிருப்பேன். மேடைக்குப் பின்னால் இருக்கும் நடையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மேசையை விட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்றார். என்னைத் தொட்டார். எனக்கு எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பெரிய பச்சை வட்டம்.

வவ்வால் வந்தாள். வியர்வையும் பொடியுமாக வாசனை முதலில் வந்தது.

"முதலாளி தலைய ஆட்டிட்டார்," என்றாள். "நாளைக்கும் உண்டாம். அத விடுங்க. சுத்தும்போது கால் எப்படி இருந்துச்சு? சேந்து இருந்துச்சா?"

"ஒட்டவெச்ச மாதிரி இருந்துச்சு," என்றார் அண்ணன், யோசிக்காமல்.

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டு என் பக்கம் வந்து, எதிரே குந்தினாள்.

"அண்ணன் எதுக்கும் இததான் சொல்லும். அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்கதான் உள்ளத உள்ளபடி சொல்வீங்க."

அந்த அரங்கத்தில் முன்வரிசைக்காரர் பார்த்தார், கதவில் நின்றவர் பார்த்தார், முதலாளி பார்த்தார். சொந்தமென்று அவளுக்கு இருக்கிற இரண்டு பேரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கால் மேல் கையை வைத்தாள்.

"நடுவுல கொஞ்சம் பிரிஞ்சுது," என்றேன்.

"அதான்!" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக. "எனக்கே தெரிஞ்சுது அண்ணி. உங்க கண்ணுக்கு மட்டும் எதுவும் தப்பாது."

அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை வட்டம்தான் இருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்து, நாளைக்குச் சரியா வந்துடும் என்றேன்.