ஆர்மோனியம் சுமந்த மாப்பிள்ளை

என் கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போது கயல்விழி போன் செய்தாள். ஒரு காலத்தில் என் ஆர்மோனியத்துக்குப் பாடிக்கொண்டிருந்தவள்; ஐந்து வருடம் முன்பு, "எனக்குப் பாட்டுதான் முக்கியம், மணி" என்று சொல்லிவிட்டுத் திருத்தணியில் சென்னை ரயில் ஏறிப் போனவள். அப்போது நான் தாடி வளர்த்தேன். அது கன்னத்தில் திட்டுத் திட்டாக வந்ததால் பதினோராம் நாளே சோகத்தை மழித்துவிட்டேன்.

இப்போது நான் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டும் பரந்தாமனின் மகள் யோகலட்சுமியோடு நிச்சயம் ஆகியிருந்தது. திருத்தணி தாலுகா ஆபீசில் அவளுக்கு வேலை. அளவாகத்தான் பேசுவாள். அந்த அளவைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"முருகன் பாட்டு ஒண்ணு நானே மெட்டுப் போட்டிருக்கேன்" என்றாள் கயல்விழி. "வெள்ளிக்கிழமை காலைல மலைப்படில வீடியோ எடுக்கறோம். ஆர்மோனியத்தோட வாடா. நீ பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்."

அந்த 'டா' போதுமாக இருந்தது. யோகலட்சுமியிடம், வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டி என்றேன். "அன்னிக்கி நைனா…" என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள். "அப்பறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். கலைஞனுக்கு ஆயிரம் வேலை.

வெள்ளிக்கிழமை புதுச்சட்டை போட்டு, ஆர்மோனியப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினேன். நூறாவது படியில் மூச்சு நின்றுவிட்டது. மேலிருந்து கேமராக்காரன், "சீக்கிரம் வாங்க அங்கிள், வெயில் வந்துடும்" என்றான். எனக்கு முப்பத்தொரு வயது.

கயல்விழி பாடினாள். பொய் சொல்லக் கூடாது, மலையேறியவர்கள் அப்படியே நின்று கேட்டார்கள். நான் பரவசத்தில் மூன்று சுரத்தைத் தப்பாக அமுக்கினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சும்மா கையை மட்டும் ஆட்டு மணி. ஸ்டூடியோல வேற ஆளை வெச்சு வாசிச்சாச்சு."

மானமுள்ளவன் அப்போதே இறங்கியிருப்பான். நான் உணர்ச்சியோடு கையை ஆட்டினேன்.

இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளில் கை வைத்தாள். "வேலைய விட்டுட்டு சென்னைக்கு வந்துடேன். ஊர் ஊரா கச்சேரிக்குப் போக, நம்பிக்கையா ஒரு ஆள் வேணும். உன்னை விட்டுட்டுப் போனது தப்புன்னு தோணுது."

'எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு' என்று சொல்ல வாய் திறந்தேன். "சாயங்காலம் சொல்றேன்" என்று வந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து யோகலட்சுமி ஏறி வந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு. அதன்மேல் மஞ்சள் தடவிய எங்கள் கல்யாணப் பத்திரிகை. சாமி காலடியில் வைத்து வாங்க வந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் சொல்ல வந்தது இதைத்தான்.

ஆர்மோனியத்தைப் பார்த்தாள். என் தோளிலிருந்த கையைப் பார்த்தாள்.

"டூட்டியா?"

"ஆங்" என்றேன். அவ்வளவு அறிவு எனக்கு.

"யாரு மணி இவங்க?" என்றாள் கயல்விழி. யோகலட்சுமி பத்திரிகையை எடுத்து அவளிடம் நீட்டினாள். அதைப் படித்ததும் கயல்விழியின் முகம் சுண்டிப்போயிற்று. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கூப்ட்டிருக்கவே மாட்டேன்" என்று எழுந்து தள்ளி நின்றாள்.

யோகலட்சுமி என் பக்கம் திரும்பினாள். "நைனா கீழ வந்துகினு இருக்காரு. இன்னும் முப்பது படி இருக்கும். அவரு வர்றதுக்குள்ள சொல்லுங்க. இத்த சாமி கால்ல வைக்கலாமா, வேணாமா?"

பரந்தாமனின் இருமல் நெருங்கிக்கொண்டிருந்தது. "சென்னைக்குக் கூப்ட்டாங்க" என்றேன். "நான் முடியாதுன்னு சொல்லல, சாயங்காலம் சொல்றேன்னேன். பாட்டுக்காகக் கூட வரல. ஒருத்தி நம்மளத் தேடிக் கூப்புடறாளேன்னு வந்தேன்." அந்த வாரத்தில் நான் பேசிய முதல் உண்மை அது.

அவள் பத்திரிகையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னா மாப்ளே, டூட்டின்னாங்க?" என்று மூச்சு வாங்க வந்து நின்றார் பரந்தாமன்.

"பத்திரிகைல ஒரு தப்பு இருக்குது நைனா" என்றாள் யோகலட்சுமி. "அப்பறமா வைக்கலாம்."

"இன்னாம்மா தப்பு?"

"மாப்பிள்ளை பேருல."

அன்று சாயங்காலம் கயல்விழிக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன். "உன்னை யாரு இப்ப கூப்ட்டா?" என்று வைத்துவிட்டாள்.

யோகலட்சுமி போனையே எடுக்கவில்லை. தினமும் லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றேன். பட்டா வாங்க வந்தவர்கள் என்னைப் புரோக்கர் என்று நினைத்து விவரம் கேட்டார்கள். ஐந்தாம் நாள் அவள் வெளியே வந்தாள்.

"அவங்க நம்பர் குடுங்க."

"எதுக்கு?"

"மாப்பிள்ளைய விசாரிக்காம கட்டிக்க முடியுமா? உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க அவங்கதான்."

கொடுத்தேன். இருவரும் முக்கால் மணி நேரம் பேசியதாகப் பிறகு தெரிந்தது. மறுநாள் காலை என் அம்மாவுக்குப் போன் வந்தது: வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எல்லோரும் மலைக்கு வந்துவிட வேண்டும், பத்திரிகை வைக்கப் போகிறோம்.

கயல்விழி என்னதான் சொன்னாள் என்று கல்யாணமாகி எட்டு மாதமாகக் கேட்கிறேன். யோகலட்சுமி சிரிக்கிறாளே தவிர, ஒரு வார்த்தை சொல்வதில்லை.