குகைக் குழுவில் எனக்கொரு இடம்

'துணிச்சல் இருந்தால் போதும், குகை பார்க்கும் எங்கள் குழுவில் யாரும் சேரலாம்.' அருப்புக்கோட்டையில் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சிக்கு இந்த நோட்டீஸை டைப் செய்து கொடுத்ததே நான்தான். நான் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில். பழைய மெம்பர்களெல்லாம் சென்னை, பெங்களூரு என்று போய்விட்டார்களாம். வேன் பாதி காலியாகப் போகிறது என்று புலம்பினார்.

"நான் சேரலாமா அண்ணாச்சி?"

"தாராளமா வாம்மா யுவராணி. ஒன்னைய மாதிரி புள்ளைக வந்தாத்தான குழு வளரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர் பாலவனத்தத்தில் பஸ் ஏறினால் கடை, கடை விட்டால் வீடு. இத்தனை வயதுக்கும் சினேகிதி என்று சொல்ல ஒருத்தி கிடையாது. குகையா பெரிது? கூடப் போக நாலு பேர் கிடைத்தார்களே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் வேனில் ஏற்றி ஒரு குகைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே இருட்டென்றால் அப்படியொரு இருட்டு. தவழ்ந்துதான் போகவேண்டும். அண்ணாச்சி மகள் பிரவீணா ஓர் இடுக்கில் மாட்டிக்கொண்டு அலறினாள். முன்னால் போயிருந்த நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "யக்கா, விட்டுராதீகக்கா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே வந்து புளிச்சோறு சாப்பிடும்போது அவள் அம்மா சண்முகவடிவு கேட்டார்.

"பாலவனத்தத்துல எந்தத் தெரு தாயி?"

எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. சொன்னேன். பொய் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

"ஓ... சரி, சரி" என்றவர், மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். பிரவீணாவும் நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மாக்காரி இழுத்தாள், சரி. இவளுக்கு என்ன கேடு?

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "வேன்ல எடமில்லம்மா" என்ற ஒரே பதில்தான். அந்த வேன் எங்கள் கடை வழியாகத்தான் போகும். உள்ளே எத்தனை சீட்டு காலி என்று எனக்குத் தெரியாதா?

போன வாரம் அண்ணாச்சியே போன் போட்டார்.

"யுவராணி, இந்தத் தடவ ரொம்பக் குறுகலான குகை. மொதல்ல எறங்கிப் பாத்துச் சொல்லணும், கயிறு பையெல்லாம் தூக்கணும். மெம்பரா இல்லம்மா, ஆளாத்தான். கூலி குடுத்துருவோம்."

"ஒங்க வீட்டுப் புள்ளைய மொதல்ல எறக்குங்க அண்ணாச்சி!"

போனை வைத்தேன். அழவில்லை. அந்த மனுஷனுக்காக நான் எதற்கு அழ?

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊரார் காட்டில் களையெடுக்கக் காலமெல்லாம் கூலி ஆளாகப் போனவள். என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன்.

"நல்ல வேலதானடி, போயிட்டு வாயேன்" என்றாள். "அன்னைக்கிச் சும்மாதான போன? இப்பக் கூலியும் தாராகள்ல."

அப்போதுதான் அழுதேன்.