நெஸ்தோர் நாற்காலியின் குளிர்

தக்காளி கிலோ ஆயிரத்து இருநூறு பெசோவுக்கு ஏறிய வருஷம், டாக்டர் ஒதிலியா செல்தியின் சமையலறையில் ஒரு நாற்காலி மட்டும் உறைந்துபோனது. வெளியே உச்சி வெயில், முப்பது டிகிரி. உள்ளே அந்த நாற்காலியின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. மலையுச்சித் தொலைநோக்கிக்கு டீசல் ஏற்றிப்போன அவர் கணவர் நெஸ்தோர், லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். குளிரைக் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, பக்கத்து வீட்டு சுனில்தா. உப்புக் கடன் கேட்கப் போனவர். வாசலில் நின்றாலே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் படுகை தெரிகிற எங்கள் டொகோனாவில் யாருக்கும் உப்பு தீராது. டாக்டர் அழுதாரா இல்லையா என்று பார்க்கத்தான் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். அழவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். சுனில்தா நாற்காலியைத் தொட்டார், விரல் ஒட்டிக்கொண்டது.

குளிர் சும்மா பரவிக் கிடக்கவில்லை. தோள் அகலத்துக்கு அகலம், முதுகு உயரத்துக்கு உயரம், கீழே தரையில் இரண்டு பூட்ஸ் அளவு. நெஸ்தோர் எப்படிச் சரிந்து உட்காருவாரோ அப்படியே, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. ஒரு கை தூரம் தள்ளி நின்றால் மறுபடி சாதாரண வெக்கை. ஒரு மாதத்துக்குள் ஊர் பழகிவிட்டது. சுனில்தா தன் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை அங்கே கொண்டுவந்து வைத்தார், எதிர்வீட்டுக்காரர் பீர் வைத்தார். நாற்காலி மேல் மட்டும் யாரும் உட்காரவில்லை.

ஒதிலியா வானத்தைப் படித்த டாக்டர். அவர் தொழில் பிரபஞ்சத்தின் முதல் வெளிச்சம். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பியது, இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது, ரொம்ப ஆறிப்போய். அந்த வெளிச்சத்தை வரைபடமாக்கி, அதில் நிழல் விழுந்த இடங்களைத் தேடுவார். எங்கே நிழலோ அங்கே ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள் ஒன்றாகக் கூடிய கொத்து ஒன்று குறுக்கே நிற்கிறது என்று அர்த்தமாம். இருபது வருஷத்தில் இப்படி நானூற்றுப் பன்னிரண்டு கொத்துகளைப் பிடித்திருந்தார். வரைபடத்தில் தொந்தரவு செய்கிற இடம் ஏதாவது இருந்தால், தூசியோ, பக்கத்து நட்சத்திரமோ, அதை வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, சுற்றி இருப்பதை வைத்துக் குழியை நிரப்பிவிடுவது அந்தத் துறையில் வழக்கம். நிரப்பியபிறகு பார்த்தால் அங்கே எதுவும் இருந்ததாகவே தெரியாது.

வீட்டிலும் அதையே செய்தார். சுண்ணாம்புக்கட்டியால் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் பார்ப்பதில்லை. கூட்டும்போது விளக்குமாறு வட்டத்தைச் சுற்றிப் போகும். தெருவில் யாராவது "எப்படிம்மா இருக்கே?" என்றால், "சுத்திவர நல்லாத்தான் இருக்கேன்" என்பார். படித்தவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று ஊர் விட்டுவிட்டது. உண்மையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை, கசக்கவுமில்லை. அடுப்பில் கை பட்டுக் கொப்புளம் வந்ததை இரண்டு நாள் கழித்து சுனில்தா சொல்லித்தான் பார்த்தார். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

மூன்றாவது நவம்பர் வந்தது. செத்தவருக்கு மூன்று வருஷம், நவம்பரில், பிடித்ததைச் சமைத்து மேசை போடுவோம். முதல் தேதி மதியம் வருவார், மறுநாள் மதியம் போவார். மூன்றாம் வருஷம் ஒரேயடியாக அனுப்பிவைத்துவிட வேண்டும். "போய் வா" என்று மனைவி வாயால் சொன்னால்தான் கணக்கு. அனுப்பாமல் வைத்திருந்தால், வீட்டில் இன்னொருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த வீட்டில் இன்னொருத்தர் என்றால் ஒதிலியா மட்டும்தான்.

இரண்டாம் தேதி பதினோரு மணிக்கே கூட்டம். வழியனுப்புகிற எவாரிஸ்தோ பெரியவர் கோகா இலையும் ஒயினும் கொண்டுவந்தார். ஆத்மா மேலே ஏற ஏணி மாதிரி சுட்ட ரொட்டியை சுனில்தா மேசையில் வைத்தார், தன் பாலாடைக்கட்டியை ஓரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வார்த்தைதாம்மா," என்றார் எவாரிஸ்தோ. "நாற்காலி மேல கைய வச்சு, போய் வான்னு சொல்லிடு. மணி பன்னெண்டு ஆகப்போவுது."

"அனுப்பினா இந்தக் குளிர் போயிடுமா?"

"போவாம? உனக்கும் நிம்மதி."

"என் சீஸுக்குத்தான் கஷ்டம்," என்று சுனில்தா முணுமுணுத்தார். யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

ஒதிலியா இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வட்டத்துக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எவாரிஸ்தோ கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் ஒரு முட்டாள், அக்கா," என்றார் ஒதிலியா.

"அது ஊருக்கே தெரியும். இப்ப என்ன புதுசா?"

"வானத்துல அந்தக் கொத்து இருக்கே, அதுக்கு நடுவுல இருக்கிற வாயு பல கோடி டிகிரி சூடு. குறுக்க வர்ற பழைய வெளிச்சத்த ஒரு தள்ளு தள்ளி வேற அலைவரிசைக்கு ஏத்தி விட்டுடும். நாங்க பாக்குற அலைவரிசைல வெளிச்சம் கொறையும். அதனால குளிர்ந்த மாதிரி தெரியும். இருபது வருஷமா பாடம் எடுக்குறேன்."

"அதுக்கும் நெஸ்தோருக்கும் என்னடி சம்பந்தம்?"

"குளிர்ந்து தெரியற எடத்துல எதுவும் இல்லாம இல்ல. எரிஞ்சுக்கிட்டு ஒண்ணு உக்காந்திருக்கு."

"எரியுதுன்னா என் சீஸ் ஏன் உருகல?"

ஒதிலியா நாற்காலிப் பக்கம் நடந்தார். சுண்ணாம்பு வட்டத்தைச் செருப்பால் தேய்த்தார். எவாரிஸ்தோ கையை நீட்டித் தடுப்பதற்குள், சுனில்தா "ஐயோ, ஒட்டிக்குவேடி!" என்று கத்துவதற்குள், நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. கோயில் மணி பன்னிரண்டு அடித்து முடிந்தது. பனி புருவத்தில் ஏறியது, உதடு நீலமானது. பிறகு முதுகிலிருந்து மெல்லப் புகை வந்தது, துணி தீய்கிற நாற்றம். அவர் "ஆ" என்றார். சின்னதாகத்தான். ஆனால் இரண்டு வருஷத்தில் அவருக்கு வலித்தது அப்போதுதான்.

அவர் அழுதாரா என்பதில் ஊர் இன்றைக்கும் இரண்டாகத்தான் நிற்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அது புருவத்துப் பனி உருகினது என்று எவாரிஸ்தோ சொல்வார், அவர் வழியனுப்பாமல் திரும்பிப்போன ஒரே வீடு அது, அந்தக் கோபம். "போய் வா" என்று ஒதிலியா சொல்லவே இல்லை. ஏணி ரொட்டியை எல்லோரும் பிய்த்துத் தின்றார்கள். வீணாக்க முடியாதல்லவா?

ஒதிலியாவை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏழு வருஷமாகிறது. தினமும் மதியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார், காரம் அதிகம் என்று குறைகூடச் சொல்கிறார். மாதத்துக்கு ஒரு சட்டை முதுகுப்பக்கம் தீய்ந்துபோகும். சுனில்தா அதற்கு ஒட்டுப் போட்டுத் தருகிறார். கனமான துணியாக வாங்கு என்று போன வாரமும் திட்டினார்.