வெயில் படக்கூடாது

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளை நிறுத்துவதில் உத்திராபதிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எல்லா முன்சக்கரமும் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நோயாளியோடு பதறி வருகிறவர்கள் பைக்கைக் குறுக்கே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள். அவர் பின்பக்கத்தைத் தூக்கி இழுத்து வரிசையில் சேர்ப்பார். நாலு வண்டி இழுத்தால் இளைக்கும். விசில் வாயில் இருந்தால் அந்த இளைப்பும் சேர்ந்து ஊதும் என்பதால் முதலில் விசிலை எடுத்துவிடுவார்.

கடலூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் வெளிவாசலில் பகல் முழுக்க அவர்தான் செக்யூரிட்டி. மேலே கூரை கிடையாது. தன் வைத்தியத்துக்கு மட்டும் சிதம்பரம் போவார். ஏன் என்று கேட்டால், "ஓட்டல்ல வேல பாக்குறவன் வூட்ல போயித்தான சாப்புடுறான்" என்பார்.

போன வருஷம் நெஞ்சு தாறுமாறாக அடித்து வாசலிலேயே விழுந்தார். சிதம்பரத்தில், துடிப்பைச் சீராக்க ஒரு மாத்திரை எழுதினார்கள். மருந்து கொடுத்த பெண் சன்னல் வழியே சொன்னாள்: "தெனம் ஒன்னு. வெயில் படக்கூடாது. ஜாக்கிரதயா இருங்க." எதன் மேல் படக்கூடாது என்று அவளும் சொல்லவில்லை. கேட்பதற்குப் பின்னால் நின்ற கூட்டமும் விடவில்லை.

ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். அட்டையைக் கறுப்புத் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டார். வீட்டில் இருக்கும்போது அந்த டப்பாவை அவர் மனைவி பவானி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். பஸ்ஸில் வெயிலடிக்கிற சன்னலோரம் தான் உட்கார்ந்து, பையைத் தன் நிழலில் வைத்துக்கொள்வார். மத்தியானம் வாசலில் மாத்திரையைப் பிரிக்கும்போது ஒரு கையில் குடை இருக்கும். மாத்திரை நிழலில், தலை வெயிலில்.

"என்னா மாமா, மாத்திரைக்குப் போயி கொட புடிக்கிறீங்க. கல்யாணப் பொண்ணா அது?" சூப்பர்வைசர் இளவரசு ஒருநாள் கேட்டான்.

"ஆமா மாப்ள. கறுத்துட்டா அப்புறம் எவன் கட்டுவான்?"

மாத்திரை கறுக்கவில்லை. மாசியில் அவர் மூக்கும் நெற்றியும் எரிய ஆரம்பித்தன. சித்திரையில் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. பவானி சோப்பு மேல் சந்தேகப்பட்டாள். சோப்பை நிறுத்திக் கடலை மாவு கொடுத்தாள். கத்தரிக்காய் அப்படியே இருந்தது.

அப்போது அகல ரயில்பாதை வேலை நடந்ததால் ரயில் இல்லை. இருவரும் பஸ்ஸில் நின்றுகொண்டே சிதம்பரம் போனார்கள். டாக்டர் அவர் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"வெயில்ல நிக்கிற வேலையா?"

"ஆமாங்க சார். செக்யூரிட்டி."

"வெயில் படக்கூடாதுன்னு மருந்து குடுக்குறப்ப சொல்லலியா?"

"சொன்னாங்க சார். ஒரு நாளு கூடப் படவுடலீங்க." உத்திராபதி டப்பாவைத் திறந்து, கறுப்புத் துணியைப் பக்குவமாகப் பிரித்து அட்டையைக் காட்டினார். "பாருங்க, வாங்குன அன்னிக்கி மாரியே இருக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"மாத்திரைக்கு இல்லீங்க. அத சாப்புடுற உங்களுக்கு."

பவானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப மாத்திரைய நிறுத்திப்புடலாமா சார்?"

"நீங்களா நிறுத்தவே கூடாது. வேற மருந்து குடுத்துப் பாத்தாச்சு, உங்களுக்குக் கேக்கல. இத நிறுத்தினாலும் ஒடம்ப வுட்டுப் போக மாசக்கணக்காவும். அதுவரைக்கும் வெயில் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கும்." டாக்டர் அவர் நெஞ்சைத் தொட்டார். "இது அதுவரைக்கும் பொறுக்காது."

முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, நிழலில் வேலை என்றார். மூச்சு வாங்கினாலோ, விடாமல் இருமினாலோ, கண் மங்கினாலோ உடனே வரச் சொன்னார். எல்லாவற்றுக்கும் உத்திராபதி தலையாட்டினார்.

மறுநாள் இளவரசுவிடம் கேட்டார். "என்ன லிப்ட்டாண்ட போடு மாப்ள. இல்லன்னா நைட்டு குடு."

"நைட்டுக்கு ஆளு ஜாஸ்தியாவே இருக்குது மாமா. லிப்ட்டுக்கு..." அவன் அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "தப்பா நெனைக்காதீங்க. உள்ள நிக்கிற ஆளு பாக்க ஆரோக்கியமா இருக்கணும்ங்கிறாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா, பேஷண்ட்டு பயந்து வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவான்."

"அதுவும் சரிதான். எனக்கே கண்ணாடி பாக்க பயமாத்தான் இருக்குது" என்றார் உத்திராபதி.

பவானி அரைக்கை யூனிபார்மில் வேறு துணியால் மீதிக் கையைத் தைத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு போன அன்றே அதையும் அகலத் தொப்பியையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள்; நாள் முழுக்கக் குடை பிடிக்கவும் கூடாதென்றார்கள். "யூனிபார்ம்ல கை வெக்கக்கூடாதாம்" என்று அவர் வந்து சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று அவள் சொல்லவில்லை. விட்டால் மாத்திரை எங்கிருந்து வரும் என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இளவரசு சிரித்துக்கொண்டே வந்தான். "மாமா, சொல்லிச் சொல்லி உங்களுக்கு நெழலு வாங்கிட்டேன். இன்னிலேர்ந்து பின்பக்கம் வேப்ப மரத்தாண்ட டூட்டி."

"நல்லா இருப்ப மாப்ள" என்றார்.

அந்த வளாகத்தில் இருந்த ஒரே மரம் அது. உத்திராபதி அடியில் போய் நின்றார். எரிகிற கன்னத்தில் காற்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருப்பார். ஹாரன் சத்தம் கேட்டது. பளபளவென்று ஒரு புதுக் கார். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.

"நகரு பெருசு. இனிமே இந்த எடம் மொதலாளி வண்டிக்குத்தான், வேற எவனயும் வுடாத. வெயில்ல நின்னா பெயிண்ட் மங்கிப்புடும்ங்கிறாரு."

உத்திராபதி நகர்ந்தார். கையைக் காட்டிக் காட்டிப் பின்னால் வரச் செய்தார். மரத்தின் நிழலும் காரும் ஒரே அளவாக இருந்தன.

"மத்தியானம் நெழலு அந்தாண்ட போவும். வண்டி மேல வெயில் ஏறுனா வந்து சொல்லு, தள்ளி வுடுறேன்." ஓட்டுநர் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேண்டீன் பக்கம் போனார்.

உத்திராபதி காருக்கு அருகில் நின்று நிழலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி நேரத்தில் பானட் மேல் ஒரு சாண் அகலத்துக்கு வெயில் ஏறியது. அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. ஓட்டுநரைக் கூப்பிட ஓடினார்.