கீலுக்கு எண்ணெய் போடுகிறவள்

அரண்மனையில் என் வேலை, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போடுவது. அந்த அரண்மனை எனக்குச் சொந்தம். இந்த இரண்டையுமே வெளியே சொல்லக் கூடாது என்பதால், யாராவது கேட்டால் தரை துடைக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் வீட்டுக் கதவுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு என்றால் அரண்மனைதான். அரச வம்சத்தில் பிறந்தவர் தள்ளினால் அந்தக் கதவுகள் சத்தமில்லாமல் திறக்கும். வேறு யார் தள்ளினாலும் அலறும். புதிதாகப் பட்டம் ஏற்கிறவர், ஊர் பார்க்க, சபை மண்டபத்தின் பெரிய கதவைத் தன் கையால் தள்ளித் திறக்க வேண்டும். கதவு பேசாமல் இருந்தால் அவர்தான் அரசர். அதற்கு மேல் சட்டம் கிடையாது.

அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பாவுடன் பிறந்த அத்தையின் கணவர், அதாவது என் மாமா, அத்தையைக் கொண்டு கதவைத் திறக்க வைத்து, ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். எங்களுக்காக அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. போன மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனாள். இனி மாமாவே பட்டம் ஏற்க வேண்டும். கதவோ அவர் கை பட்டாலே ஊரைக் கூட்டும். அதனால் ஒரு மேஸ்திரியைப் பிடித்து, எண்ணெய்க் கிண்ணமும் துணியுமாக ஒரு கூட்டத்தை ரகசியமாக வேலைக்கு வைத்தார். எண்ணெய் கிடைத்தால் அரண்மனைக் கதவும் வாயை மூடிக்கொள்ளும்.

அம்மா ஒரு தையல்கடையின் மாடியறையில் பட்டன் தைக்கிறாள். மேஸ்திரி ஒருநாள் பட்டன் அறுந்த சட்டையோடு அங்கே வந்தார். அரண்மனையில் தரை துடைக்கிற வேலையாம். சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். மறுநாளே வேலை கேட்டுப் போய் நின்றேன். பட்டமேற்பு அன்று பெரிய கதவை மட்டும் எண்ணெய் போடாமல் விட்டுவிடுவது என் திட்டம்.

மேஸ்திரி சொல்லிக்கொடுத்த வேலை சுலபம். கதவை ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் எண்ணெய் விட வேண்டும், வராவிட்டால் அடுத்த கதவுக்குப் போக வேண்டும். நானும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். ஒரு கதவும் சத்தம் போடவில்லை. எனக்கு முன்னால் வந்தவர்கள் நன்றாகவே வேலை செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நிறைந்த கிண்ணத்தை அப்படியே திருப்பி வைத்தேன். இப்படியொரு முட்டாள்தனத்தை அரச வம்சத்தில் பிறந்தவர்தான் செய்ய முடியும்.

அந்த வாரமே மாமா குளித்துவிட்டு வெளியே வந்தபோது குளியலறைக் கதவு அலறிய அலறலில் வழுக்கி விழுந்தார். மேஸ்திரிக்குச் சரியான டோஸ். வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அங்கே எனக்குக் குருவி என்று பெயர்.

"ஏ குருவி, அந்தக் கதவ ஆட்டிப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் அண்ணே. சத்தமே வரல."

"காது கேக்குதா உனக்கு? எங்க, இப்ப ஆட்டு."

ஆட்டினேன். கதவு மூச்சு விடவில்லை. அவர் என்னை நகர்த்திவிட்டுத் தானே தள்ளினார். அந்த அலறலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்துபோயின. மறுபடி என்னைத் தள்ளச் சொன்னார். மறுபடி ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு எனக்கு முன்பே உறைத்துவிட்டது. முகம் வெளிறி, பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்துப்போன ராஜாவோட பொண்ணா நீ?"

"ஆமா."

பொய் சொல்லத் தோன்றவில்லை. சொன்ன பிறகு நிம்மதியாகக்கூட இருந்தது.

"இங்க பாரும்மா. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேர் எனக்கு இருக்காங்க. நான் எதையும் பாக்கல. ஆனா பெரிய கதவுகிட்ட நீ போகக் கூடாது. அதுக்கு நானே என் கையால எண்ணெய் போடுவேன்."

"அப்ப இந்தத் திருட்டுக்கு நீங்களும் கூட்டு."

"கூட்டுதான். என் தலை கழுத்துல நிக்க வேணாமா?"

என் திட்டம் அதோடு மண்ணாய்ப் போனது. காட்டிக்கொடுக்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான்.

பட்டமேற்பு அன்று காலையில் அம்மா கேட்டாள். "என்ன செய்யப்போற?"

"எண்ணெய் போடாம விட முடியல. போட்ட எண்ணெய எல்லாரும் பாக்கத் துடைக்கப்போறேன்."

"புடிச்சு ஜெயில்ல போட்டுட்டா?"

"அரண்மனை ஜெயிலும் நம்ம வீட்டுக் கதவுதானேம்மா. சத்தமில்லாம வந்துடுவேன்."

அம்மா சிரித்தாள். உடனே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "ராஜ்யம் கெடைக்கலன்னா பொழுது சாயறதுக்குள்ள வந்து சேரு. தையல் நெறையக் கெடக்கு" என்றாள்.

முற்றத்தில் எள் விழ இடமில்லை. மாமா புது உடுப்பில் வந்து, பெரிய கதவை நோக்கிக் கையை நீட்டினார். நான் துணியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"மாமா, ஒரு நிமிஷம்."

நீட்டிய கை அப்படியே நின்றது. "யாரு நீ?"

"உங்க கதவுக்கு எண்ணெய் போடுறவ."

காவலர்கள் சுதாரிப்பதற்குள் கீழ்க் கீலை அழுத்தித் துடைத்து, கறுப்பாக எண்ணெய் ஊறிய துணியைத் தலைக்கு மேலே விரித்துக் காட்டினேன். கூட்டம் சலசலத்தது. ஆனால் மாமா லேசுப்பட்டவர் இல்லை.

"எண்ணெய்த் துணியக் கையோட கொண்டுவந்து, எண்ணெய் இருக்குன்னு காட்டுறா. இவளே தடவியிருப்பா. புடிங்க இவள" என்றார்.

கூட்டம் தலையாட்டியது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டு காவலர்கள் என் கைகளைப் பிடித்து முறுக்கினார்கள். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாகப் பயந்தேன்.

"அவ போடல. நான் போட்டேன்."

மேஸ்திரிதான். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டே முன்னால் வந்தார்.

"இன்னிக்குக் காலையில இதே கையால போட்டேன். இவர் சொல்லித்தான் போட்டேன். இந்தப் பொண்ணக் கதவுகிட்டயே விடல. இவ தொட்டா எண்ணெயே தேவையில்ல, நான் கண்ணால பாத்துட்டேன். நம்ப வேணாம். சோப்புத் தண்ணி கொண்டாங்க, கழுவிடலாம். அப்புறம் ரெண்டு பேரும் தள்ளட்டும்."

யாரோ ஒரு வாளியை நகர்த்தினார்கள். அது கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. மேஸ்திரி ஏணியில் ஏறி, தான் போட்ட எண்ணெயைத் தானே கழுவினார். மாமா மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவே பதிலாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். முன்வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் விலகிய பிறகும் அந்த அலறல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

காவலர்கள் என் கைகளை விட்டார்கள்.

"இப்ப நீங்க தள்ளுங்க" என்றார் மேஸ்திரி.

என் உள்ளங்கை இரண்டையும் அந்த வாளியிலேயே கழுவிக்கொண்டேன். முற்றத்தில் ஒருவர்கூட இருமவில்லை. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தள்ளினேன். கதவு முழுக்கத் திறந்து, சுவரோடு போய்ச் சாய்ந்து நிற்கும்வரை, கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.