பூவரசடிப் பள்ளி நேரம்

ஈத்தம்பழம் தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் றினாஸ் கைப்பேசியைப் பார்த்தான். ஆறு பத்து. அன்று நோன்பு துறக்கிற நேரம் ஆறு பதினைந்து. பூவரசடிப் பள்ளிவாசலின் சைரன் ஊதி ஓய்ந்து, மோதினார் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைத் தொடங்கியும்விட்டார்.

"ஸம்றா, நில்லு. கஞ்சியக் குடிக்காத" என்றான் மனைவியிடம்.

"குடிச்சிட்டனே. என்ன, ஈ கீ விழுந்து கிடக்கா?"

மகள் அம்ஹா கட்லட்டைக் கடித்துக்கொண்டு வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சரியாக ஐந்து நிமிடம் கழித்து, வயலோரம் இருக்கிற அடுத்த பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. அதன் பிறகு கடற்கரைப் பக்கமிருந்து ஒன்று. அதன் பிறகு ஊர்ப் பள்ளிகள் எல்லாம் எடுத்தன. எல்லாரும் ஒன்றாய்ச் சொல்ல, பூவரசடி மட்டும் முந்திக்கொண்டு சொல்லியிருந்தது. தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம். முன்வீட்டுக்காரர் கையில் கஞ்சிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார்.

பூவரசடியில் எவரும் கைப்பேசியைப் பார்த்து நோன்பு துறப்பதில்லை. அந்தப் பள்ளி நேரம் பிழைக்காது என்று ஊரில் பேர். அந்தப் பேரை உண்டாக்கினவன் றினாஸ்.

ஆறு வருடத்துக்கு முன்னர் பள்ளி அலுவலறையில் இருந்த கணினி விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்க நேரத்தில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளப் போய், ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு விளம்பரப் பாட்டு வந்துவிட்டது. கல்முனை பஸாரில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் றினாஸைக் கூப்பிட்டார்கள். அவன் அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டான். ஐந்து நேரமும் பாங்குக்கு முன்னர் சைரன், முன்சுவரில் சிவப்பு எழுத்தில் ஓடும் பலகை, மரணம் சொல்லும் ஜனாஸா அறிவித்தல், எல்லாம் அந்தப் பழைய பெட்டியிலிருந்து போயின. நேரத்தை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போய் வந்தாலும் தானே எழும்பும். அவன் எதுவும் வாங்கவில்லை. அதனாலோ என்னவோ, ஆறு வருடத்தில் எவரும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகவும் கதைக்கவில்லை. ஒழுங்காக ஓடுகிற சாமானைப் பற்றி யார் கதைப்பார்கள்?

அதைப் பொருத்திய நாளில் அப்போதைய மௌலவி, தொழுகை மண்டபத்துச் சுவரில் தொங்கும் பெரிய கடிகாரத்தைக் காட்டி ஒரு சங்கதி சொன்னார். "தம்பி, இதைப் பாத்து உங்கட மெஷினுக்கு நேரம் வெச்சிராதீங்க. ஆக்கள் ஜமாஅத்துத் தொழுகைக்குச் சுணங்காம வரட்டும் எண்டு அஞ்சு நிமிஷம் முந்தி வெச்சிரிக்கன்." அந்த மௌலவி மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. கடிகாரம் மட்டும் அவர் வைத்தபடியே முந்திக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் முந்தும் என்று ஊரில் பலருக்குத் தெரியும். எவ்வளவு, ஏன் என்று எவரும் மினக்கெட்டுப் பார்த்ததில்லை.

மஃரிப் தொழுகை முடிந்ததும் றினாஸ் அலுவலறைக்குப் போனான். வாசலில் இருபது முப்பது பேர். எல்லாருக்கும் ஒரு நோன்பு போய்விட்டது, பிறகு ஒருநாள் நோற்றுக் கழாச் செய்ய வேண்டும் என்று மௌலவி சொல்லிவிட்டார். பதின்மூன்று மணித்தியாலம் மீன் வள்ளத்தில் நின்றவன், கர்ப்பிணி, நீரிழிவுக்காரர், எல்லாருடைய நோன்பும் ஐந்து நிமிடத்தில் போயிற்று. அவன் எவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய் இருந்தான்.

பெட்டியின் நேரம் ஐந்து நிமிடம் முன்னால் இருந்தது. 'தானாக நேரம் எடு' என்பதை யாரோ நிறுத்திவிட்டுக் கையால் வைத்திருக்கிறார்கள். யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. லினக்ஸ் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். வீட்டில் மாமியாரிடம்கூட அவ்வளவு ஞாபகம் இருக்காது. பதிவைத் திறந்தான். பிற்பகல் ஒன்று இருபத்திரண்டுக்கு, லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஒரு கணக்கிலிருந்து நேரம் மாற்றப்பட்டிருந்தது. கணக்கின் பெயர் ஷரிபுதீன்.

ஷரிபுதீன் பள்ளியின் புதுச் செயலாளர். முப்பது வருடம் வெளியூர் அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்று, நோன்புக்கு இரண்டு மாதம் முன்னர்தான் ஊரோடு வந்து சேர்ந்தவர். ஸம்றாவின் வாப்பாவும் அவர்தான். றினாஸ் குடியிருக்கும் வீடு அவர் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. "செயலாளருக்குத் தெரியாத சாவி பள்ளியில இரிக்கலாமா மகன்?" என்று கேட்டு, பெட்டியில் தனக்கும் ஒரு கணக்கு வாங்கியவர். றினாஸ் மறுத்திருக்கலாம். மாமாவுக்கு எப்படி மறுப்பது? அறிவித்தல் போடவும் நேரம் பார்க்கவும் என்று கொஞ்ச அதிகாரம் கொடுத்தான். நேரத்தைப் பார்க்கிறவர் திருத்தவும் திருத்துவார் என்று நினைக்கவில்லை.

அன்று பகல் றினாஸ் பொத்துவிலில் ஒரு ஹோட்டலின் சேர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மாமா சுவர்க் கடிகாரத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். பள்ளிக் கடிகாரம் பிழைக்குமா? கணினிதான் பிந்துகிறது என்று முடிவு கட்டி, ஊருக்கு நல்லது செய்திருக்கிறார். அஸர் பாங்கும் ஐந்து நிமிடம் முந்தித்தான் போயிருக்கும்; அதை எவரும் கணக்கெடுக்கவில்லை.

மாமா அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். திரையில் தன் பெயர் இருப்பதை அவர் பார்த்தாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. நேரத்தைச் சரிசெய்து எழும்பி, மெதுவாகச் சொன்னான்.

"மாமா, பகல் இதில நேரம் மாத்தியிரிக்கி."

"அப்பிடியா? நாளைக்கி அஸருக்குப் பின்னால தலைவர் கூட்டம் போட்டிரிக்காரு. அங்க கதைப்பம்."

அவ்வளவுதான். நாளைக்கு மாமா தானே எழும்பிச் சொல்லிவிடுவார், வயதான மனிதரை நான்கு பேர் முன்னால் நான் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று றினாஸ் வீட்டுக்குப் போனான். அவன் செய்த பெரிய பிழை அது.

வெள்ளிக்கிழமை காலை அம்ஹா தொலைக்காட்சி முன்னால் சிணுங்கிக்கொண்டிருந்தாள். றிமோட் வேலை செய்யவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பெற்றரியில் ஒன்றைக் காணோம்.

"என்ட வாப்பா வந்து கழட்டிக்கிட்டுப் போனாரு" என்றாள் ஸம்றா. "பள்ளிக் கடிகாரத்துக்குப் பெற்றரி மாத்தணுமாம்."

றினாஸின் தலையில் அப்போது கூட்டமே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு ஒரு காதால் போய் மறு காதால் வந்துவிட்டது.

அன்று பிற்பகல் அஸருக்குப் பிறகு தொழுகை மண்டபத்தில் எண்பது பேருக்குக் குறையவில்லை. தலைவர் றாஸிக் ஹாஜியார், நெல் ஆலைக்காரர், இமாம் நிற்கும் மிஹ்றாபுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் செயலாளர் மாமா, வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. ஊராள் சொன்னால் ஒருபக்கம் சாயும் என்று, விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவரையும் தலைவர் அழைத்திருந்தார். பாண்டிருப்பைச் சேர்ந்த சுஜிந்தன், பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவர். சுஜிந்தனைக் கண்டதும் றினாஸுக்கு உயிர் வந்தது. இருவரும் பத்து வருடச் சினேகிதர்கள். அவர் பாடசாலைச் சேர்வர் விழுந்தால் இவன் ஓடுவான், இவன் கடையில் ஏதும் சிக்கினால் அவர் வருவார்.

"றினாஸ், என்ன நடந்த?" என்றார் தலைவர்.

றினாஸ் மாமாவைப் பார்த்தான். மாமா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அவன் எண்ணிப் பத்து மணி உருளும் வரை பொறுத்தான்.

"நேத்துப் பகல் ஆரோ மெஷின்ட நேரத்தக் கையால மாத்தியிரிக்காங்க."

"ஆரு?"

மாமா நிமிரவில்லை. இனிப் பொறுத்தால் தன் பெயர்தான் போகும். றினாஸ் மடிக்கணினியைத் திறந்து சுஜிந்தனிடம் நீட்டினான். "நான் சொல்லல்ல. சேர் வாசிக்கட்டும்."

சுஜிந்தன் வாசித்தார். நாள், நேரம், செயல், கணக்கின் பெயர். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. மாமா அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"நான் தொட்டதா எனக்கு ஞாபகமில்ல ஹாஜியார். எனக்கு அந்த மௌஸையே சரியாப் புடிக்கத் தெரியா."

சிலர் சிரித்தார்கள். நல்ல மனிதர், பாவம், என்கிற சிரிப்பு. றாஸிக் ஹாஜியார் சிரிக்கவில்லை. நெல் வாங்குகிறவர், ஈரம் பார்க்காமல் மூட்டை கட்டமாட்டார்.

"சேர், ஒண்டு கேக்கன். இந்தக் கடதாசிய, இந்தப் பதிவ, ஆராச்சும் மாத்தி எழுத ஏலுமா?"

சுஜிந்தன் றினாஸைப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர். அந்தக் குணத்துக்காகத்தான் றினாஸுக்கு அவரைப் பிடிக்கும்.

"சாதாரண ஆளுக்கு ஏலா. றூட் எண்டு ஒரு அதிகாரம் இரிக்கி. அது இரிக்கிற ஆள் நினைச்சா மாத்தலாம்."

"அப்ப என்ட பேரையும் அதில எழுதலாம்?"

"...எழுதலாம், ஹாஜியார்."

"அந்த அதிகாரம் ஆருக்கிட்ட இரிக்கி?"

சுஜிந்தன் மடிக்கணினியை மூடி றினாஸிடமே நீட்டினார். பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிகாரமில்லாதவன் கைவைத்தால், 'இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும்' என்று லினக்ஸ் மிரட்டும். யாருக்கு அறிவிக்கும்? றூட்டுக்கு. அந்த றூட் நான்தானே என்று றினாஸ் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறான். முறைப்பாடு செய்கிறவனும் விசாரிக்கிறவனும் சாட்சியும் அவன் ஒருவனே. ஆறு வருடம் அது பகிடியாக இருந்தது. இன்று எல்லாம் செய்யக்கூடியவன் அவன் ஒருவன் என்பதால், எதையும் செய்யவில்லை என்று அவனால் காட்ட முடியவில்லை.

"காசு குடுத்து வாங்கின சாமான் எண்டா இப்பிடி நடக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சும்மா கிடைச்ச சாமான், அதுக்குத் தக்கதாத்தான் இரிக்கும்."

அந்த நேரத்தில்தான் றினாஸுக்குச் சுவர் ஞாபகம் வந்தது. றூட்டால் மாற்ற முடியாத சாட்சி ஒன்று அங்கே தொங்குகிறதே!

"ஹாஜியார், அந்தக் கடிகாரத்தப் பாருங்க! அது எப்பவும் அஞ்சு நிமிஷம் முந்தி. பழைய மௌலவி வெச்சது. அதைப் பாத்துத்தான் மெஷினுக்கு நேரம் வெச்சிரிக்கி. அஞ்சு நிமிஷம், சரியா அஞ்சு நிமிஷம்! உங்கட ஃபோனையும் பாருங்க."

எண்பது தலைகளும் சுவரைப் பார்த்தன. பிறகு கைப்பேசிகளைப் பார்த்தன.

சுவரில் நான்கு நாற்பத்தொன்று. கைப்பேசியில் நான்கு நாற்பத்தொன்று.

கண்ணாடி பளபளவென்று இருந்தது. சட்டத்தின் மேல் வருடக்கணக்காய்ப் படிந்திருந்த தூசியைக் காணோம். அம்ஹாவின் றிமோட் றினாஸின் ஞாபகத்துக்கு அப்போதுதான் வந்தது. ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்துக்குப் பெற்றரி எதற்கு? அதைக் கீழே இறக்க ஒரு சாட்டு வேண்டும், அதற்கு.

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா கடிகாரத்தையும் பார்க்கவில்லை, கைப்பேசியையும் எடுக்கவில்லை. அந்த மண்டபத்தில் நேரம் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

கடிகாரம் முந்தும் என்று தெரிந்தவர்கள் அந்த எண்பது பேரில் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மருமகன் பேச்சை எடுத்துச் செயலாளரோடு யார் பகை தேடுவது?

றினாஸ் பெற்றரிக் கதையைச் சொல்லியிருக்கலாம். 'ஆரு சொன்ன?' என்று ஹாஜியார் கேட்பார். 'அவர்ர மகள்' என்று சொல்ல வேண்டும். பிறகு ஸம்றாவை அழைத்து, வாப்பாவா புருஷனா என்று எண்பது பேர் முன்னால் நிறுத்துவார்கள். வாய் வரை வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான்.

"நோன்போட கோபப்படாதீங்க மகன்" என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்க, மிக அன்பாக.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். இனிமேல் மோதினார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து சைரனைக் கையால் ஊதுவார். றினாஸ் மைக்கில் ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் கேட்டான். "நேரம் பிழைச்சிட்டு. மெஷினைப் பாத்துக்கிட்ட ஆள் நான். மன்னிச்சிருங்க." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் எரிந்தது. ஒலிபெருக்கி அவன் சரிசெய்தது, குரல் தெளிவாகக் கடற்கரை வரை போயிருக்கும்.

வெளியே சுஜிந்தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். "மச்சான், கேட்டா நான் எப்பிடி இல்லையெண்டு சொல்லுற?"

"நீ சொன்னது சரிதான்" என்றான் றினாஸ். அவர் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

வீட்டில் ஸம்றாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவன் குரலை ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறாள், மிச்சத்தை அவளே கூட்டிப் பார்த்திருக்கிறாள். மூடியில்லாத றிமோட் மேசையில் கிடந்தது. அவள் அழுத முகத்தோடு கஞ்சியைக் கலக்கினாள்.

"வாப்பா வயசான மனிசன். ஊருக்குள்ள அவர்ர பேரு..." என்று தொடங்கினாள்.

"எனக்குப் பேரில்லையா ஸம்றா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். இது அவளுடைய வீடு என்பதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றுதான் அவனுக்கு அது முதல் தடவையாகக் கேட்டது.

நோன்பு துறக்க மாமா வந்தார். வெள்ளிக்கிழமைகளில் மகள் வீட்டில்தான் அவருக்குக் கஞ்சி. பாயில் றினாஸுக்கு எதிரே இருந்தார்.

சைரன் ஊதியது. மோதினார் பாங்கைத் தொடங்கினார். ஸம்றாவின் கை கோப்பையருகில் போய் நின்றுவிட்டது. முன்வீட்டிலும் பின்வீட்டிலும் ஒரு கோப்பைச் சத்தமும் இல்லை. நேற்றுச் சூடுபட்ட தெரு, வயலோரப் பள்ளியின் பாங்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

மாமா மட்டும் பிஸ்மி சொல்லி, ஈத்தம்பழத்தை வாயில் போட்டு, நிதானமாகச் சப்பினார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அந்தத் தெருவிலேயே அந்தக் கடிகாரத்தை நம்பித் துறந்தவர் அவர் ஒருவர்தான்.

ஸம்றா வாப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்க மகன்" என்றார் மாமா, கொட்டையைத் துப்பிக்கொண்டு. "நேரம் சரிதான்."

"தெரியும் மாமா" என்றான் றினாஸ். கையிலிருந்த ஈத்தம்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த பள்ளியின் பாங்கு வரும் வரை இருந்தான்.