முழு மருந்து

துப்பாக்கிக் கடையில் வெர்ன் கண்ணாடி மேசையின் மேல் நான்கு தோட்டாக்களை நிற்க வைத்தார். பள்ளி மைதானத்தில் உயர வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல, சின்னதிலிருந்து பெரியது வரை. அப்பா முதல் மூன்றையும் பார்க்கவில்லை. நேராக நான்காவதை எடுத்தார். இடது கையால் எடுத்தார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. நவம்பரிலிருந்து அது பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

"நாப்பத்தஞ்சு-எழுபது. இதைப் போடற கார்பைன் ஒண்ணு குடு, குட்டையா, லீவர் வச்சது."

"ஆர்லன், கொஞ்சம் யோசி. இந்த மூணு-அம்பத்தேழைப் பாரு. உதைக்கவே உதைக்காது. கையில குழந்தை மாதிரி இருக்கும்."

"கரடிக்குத் தாலாட்டுப் பாடச் சொல்றியா?"

"சரி, நாப்பத்துநாலு எடுத்துக்க. அதுல மெதுவான தோட்டாவும் போடலாம், பலமானதும் போடலாம். பழகறதுக்கு ஒண்ணு, தேவைப்பட்டா ஒண்ணு."

"மெதுவானது யாருக்குடா? எனக்கா?"

வெர்ன் என்னைப் பார்த்தார். "உன் பொண்ணு கெமிஸ்ட்ரி படிச்சவ. அவ என்ன சொல்றா?" நான் மேசையைப் பார்த்தேன். மூன்றாவதாக நின்ற முப்பது-முப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் எப்போதும் இருந்ததும் அதுதான். அதைச் சொல்ல மனதுக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினேன். நான் கட்டி முடிப்பதற்குள் பேச்சு எப்போதும் வேறெங்காவது போய்விடும். அன்றும் போய்விட்டது. வெர்ன் சுவரிலிருந்து அந்தக் குட்டைத் துப்பாக்கியை இறக்கிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் மாடுகளை லாரியில் ஏற்றும்போது எங்கள் காளை அப்பாவைக் கம்பிக் கதவோடு சேர்த்து நெருக்கிவிட்டது. தோளெலும்பு மூன்றாக உடைந்தது. தகடு வைத்து ஒன்பது திருகாணிகள் போட்டார்கள். கையில் இருந்த பழைய முப்பது-முப்பது துப்பாக்கியும் அன்றைக்கே நசுங்கிப் போனது. ஊர்க் காபிக்கடையில் எல்லாரும் முதலில் துப்பாக்கியைத்தான் விசாரித்தார்கள். "அதுக்கும் திருகாணி போடலாம்னு டாக்டர் சொல்லலையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் சொன்னதை அவர்களிடம் சொல்லவில்லை. "மார்ச்ல கன்னு போடற நேரத்துக்கு நான் துப்பாக்கியோட ஓடைக்கரை வில்லோப் புதருக்குள்ள நடக்கணும். முடியலைன்னா மாட்டையெல்லாம் வித்துடுவேன். என் மாட்டுக்கு இன்னொருத்தன் காவல் நிக்க வேணாம்." அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அம்மா இறந்த பிறகு அவரைக் காலையில் எழுப்புவது அந்த மாடுகள் மட்டுமே. நான் போஸ்மன் நகரில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

மலையடிவாரத்தில் கரடிகள் பெருகிவிட்டன. ஓடையை ஒட்டியே மேய்ச்சலுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றைச் சுடச் சட்டத்தில் இடமில்லை, ஆள் மேல் பாய்ந்தால் மட்டுமே சுடலாம். ஆனால் புதருக்குள் கன்று போட்டுவிட்டு நிற்கும் பசுவைத் தேடி வெறுங்கையோடு யாரும் போவதில்லை.

வாங்கிய மறுநாளே தீவனக் கொட்டகைக்குப் பின்னால் அப்பா முதல் தோட்டாவைச் சுட்டார். கடையில் வாங்கிய இருபதில் ஒன்று. சத்தம் மலையில் பட்டுத் திரும்பும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. பிக்கப் வண்டியின் பின்பலகையில் போய் உட்கார்ந்தார். ஏதோ தேடுவது போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தபோது, "கடைத் தோட்டா சரியில்ல. ஒண்ணுக்கொண்ணு மருந்து மாறுது. நீயே நிரப்பிக் குடு, உனக்குத்தான் அளவெல்லாம் சரியா வருமே" என்றார்.

அடுக்களைக்குப் பின்னால் உள்ள அறையில் தோட்டா நிரப்பும் மேசை இருந்தது. பத்து வயதிலிருந்தே எனக்கு அந்த வேலை தெரியும். தராசில் வெடிமருந்தை நிறுப்பதில் ஓர் அமைதி உண்டு, யாரோடும் பேச வேண்டியதில்லை. தோளை உதைக்காத அளவுக்கு நான் மருந்தைக் குறைத்தேன். கையேட்டில் மெதுவான தோட்டாக்களுக்கென்று தனிப் பக்கம் இருந்தது, அதைப் பார்த்தே செய்தேன். தோள் தேறத் தேற வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய்க் கன்றுக் காலத்துக்குள் முழு அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது என் திட்டம். நோட்டில் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் மட்டும் "முழு" என்று எழுதினேன். பரிசோதனைக் கூடத்தில் தவறான சீட்டு ஒட்டினால் வேலை போய்விடும். அது எனக்கு நினைவு வந்தது. ஆனாலும் ஒட்டினேன்.

இரண்டாம் வாரம் கொஞ்சம் கூட்டினேன். அப்பா சுட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, ரொட்டியை இடது கையால் பிய்த்துச் சாப்பிட்டார். வலது கையைத் தூக்க முடியவில்லை. மறுபடியும் குறைத்தேன். மார்ச் முதல் வாரம் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கு மேல் தேறாது, இதுதான் அளவு என்றாள். அன்றிலிருந்து நோட்டில் எழுத எதுவும் இல்லை.

ஆனால் அப்பா தேறினார். தோள் அல்ல, அவர். காலையில் சவரம் செய்துகொண்டார். காபிக்கடையில், "அறுபத்துமூணு வயசு, உள்ள ஒரு தகடு, நாப்பத்தஞ்சு-எழுபதைப் பால் குடிக்கற மாதிரி சுடறேன்" என்றார். நம்பாதவர்களைக் கொட்டகைக்குப் பின்னால் வந்து பார்க்கச் சொன்னார். யாரும் வரவில்லை. வெர்ன் வந்தார்.

அப்பா மூன்று முறை சுட்டார். மூன்றும் பலகையில் பட்டன. "இப்ப நீ சுடுடா. கடையில பேசின பேச்சுக்கு." வெர்ன் துப்பாக்கியைத் தோளில் பொருத்திச் சுட்டார். சுட்டதும் அசையாமல் நின்றார். முப்பது வருடமாகத் துப்பாக்கி விற்பவர். அவருக்குப் புரிய அந்த ஒரு நொடி போதும். பிறகு துப்பாக்கியை இறக்கித் தன் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"யப்பா. கோவேறு கழுதை உதைச்ச மாதிரி இருக்கு. நீ மனுஷனே இல்லடா ஆர்லன்."

அப்பா அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. காபி போட உள்ளே போனார். வெர்ன் கீழே கிடந்த காலித் தோட்டாவை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கரடி வந்தா இது அதுக்குக் கொசுக்கடிம்மா."

"தெரியும்."

"முழுசாப் போட்டா அந்தத் தோள் போயிடும்."

"அதுவும் தெரியும்."

"இவன் அதை எடுத்துட்டுப் புதருக்குள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிடு. நான் இப்பப் பொய் சொன்னது உனக்காக இல்ல, அவன் மூஞ்சிக்காக. இன்னொரு தடவை என்னால முடியாது."

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பசுக்கள் கன்று போடத் தொடங்கின. தினமும் விடிந்ததும் நான் அவருக்கு முன்னால் எழுந்து மேய்ச்சலைச் சுற்றிவந்து, புதரில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவரைப் போகவிட்டேன். கையில் கரடி விரட்டும் மிளகுப் புகைக் குப்பி இருக்கும். அப்பா கேட்டால், தூக்கம் வரவில்லை என்பேன். இது ஒரு திட்டமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் இன்று ஒரு நாள் என்று நினைத்தேன்.

ஏப்ரல் இரண்டாம் செவ்வாய். ஓடைக்கரைச் சேற்றில் என் கையைவிடப் பெரிய தடத்தைப் பார்த்தேன். அதற்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. வில்லோப் புதருக்கு மேல் காக்கைகள் சுற்றின. வீட்டுக்கு ஓடினேன். ஜன்னல் வழியாக அப்பாவும் காக்கைகளைப் பார்த்திருந்தார். பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மேசையில் என் பெட்டியைத் திறந்து வைத்துத் துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அதைப் போடாதீங்க."

"ஏன்?"

"அதுல முழு மருந்து இல்ல."

அவர் சீட்டைப் பார்த்தார். "முழுன்னு எழுதியிருக்கே."

"நான்தான் எழுதினேன்."

"எவ்வளவு இருக்கு?"

"பாதிக்கும் கீழ."

"எப்பலேர்ந்து?"

"முதல் பெட்டிலேர்ந்து."

அவர் லீவரை இழுத்து இழுத்து உள்ளே போட்ட தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நான்கையும் மேசையில் படுக்க வைத்தார். ஒன்று உருண்டது. அதை விரலால் நிறுத்தினார்.

"வெர்ன் சுட்டானே."

"அவருக்குத் தெரியும்."

"தோளைத் தேய்ச்சுக்கிட்டானே."

நான் மேசையில் கிடந்த தோட்டாக்களைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் நடிச்சிருக்கான்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலமாரியைத் திறந்து, கடையில் வாங்கிய பெட்டியை எடுத்தார். பத்தொன்பது இருந்தன.

"துப்பாக்கியை எங்கிட்ட குடுங்க. என் தோள் தாங்கும்." அந்த வாக்கியத்தை நான் முழுதாகச் சொன்னேன், இடையில் நிற்காமல், அவர் முகத்தைப் பார்த்து.

"தாங்கும். அது எனக்குத் தெரியாதா," என்றார். நான்கு தோட்டாக்களை இடது கையால் போட்டார். கதவைச் சாத்தாமல் போனார்.

நான் ஏன் உடனே பின்னால் போகவில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. மேசையில் கிடந்த நான்கு தோட்டாக்களையும் பெட்டிக்குள் வைத்தேன். சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன், நன்றாக ஒட்டியிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத முழுச் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவதுக்காகக் காத்தேன், வரவில்லை. ஓடினேன்.

அப்பா ஓடைக்கு இப்புறம் ஈரப் பனியில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் ரத்தம் இல்லை. வலது கை வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது. துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, காலியான தோட்டாவை வெளியே தள்ள, இடது கையால் லீவரை இழுத்துக்கொண்டிருந்தார். அது பாதி திறந்து வழுக்கித் திரும்பியது. பக்கத்தில் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். அவர் துப்பாக்கியை என் பக்கத்திலிருந்து நகர்த்தினார்.

"மேலதான் சுட்டேன்," என்றார். "வானத்தைப் பாத்து. விரட்டத்தான்."

மறுபடியும் இழுத்தார். மறுபடியும் வழுக்கியது.

அக்கரையில் கரடி போய்க்கொண்டிருந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் கன்று தொங்கியது, இன்னும் ஈரம் காயாதது. அதற்கு இருபதடி பின்னால் கன்றின் தாய் நடந்தது. கரடி நின்றால் அதுவும் நின்றது. கரடி நடந்தால் அதுவும் நடந்தது. கன்று பிறந்ததும் கூப்பிடும் அதே தாழ்ந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டே, வேலி அறுந்த இடத்தைத் தாண்டி, மலைப்பக்கமாக, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.